யாரிடம் போய்ச் சொல்வாய்

கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டால், உள்ளே இருப்பவரை வெளியே நிற்பவர் பார்க்க முடியாது. வெட்டுக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆண்கள் வரப்போரமாகவே ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் உள்ளே போக வேண்டும். அப்படிப் போகும்போது துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அன்றைக்கு நான் தனியாகப் போனேன். அண்ணி ட்ரெய்லருக்குக் கட்டு தூக்கிக்கொண்டிருந்தார். மற்ற யாருக்கும் என்னோடு வர மனமில்லை.

ஏன் மனமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கல்வராயன் மலையில் பிறந்தவள். வெள்ளிமலைக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்து போக வேண்டிய ஒரு சிற்றூர். உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர். வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு காலனிக்காரர். இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அதோடு கடை வேலையும் நின்றது. மலையில் என் சனம் சாமை விதைத்து, மரவள்ளி போட்டு, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிற சனம்தான். கீழே இருப்பவர்களின் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் காட்டுச் சனம். ஆனாலும் காலனிக்காரரைக் கட்டிக்கொண்டேன் என்றதும் அவர்களுக்கு அது பெரிய இழுக்காகிவிட்டது. என் அண்ணன் ஓடைக்குப் போய்த் தலை முழுகினான். உயிரோடு இருக்கிறவளுக்குச் சாவுத் தீட்டு கழித்தார்கள்.

காலனியிலும் என்னை யாரும் கொண்டாடவில்லை. மலைக்காரிகளுக்கு வேர் தெரியும், மருந்து வைக்கத் தெரியும், அதனால்தான் பையன் மயங்கினான் என்று பேசிக்கொண்டார்கள். நான் மொண்டு கொடுக்கும் தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்துவிடுகிற பெண்கள் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து பெட்டிக்கடையில் வாங்குகிற தலைவலி மாத்திரைதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் பக்கம் நின்றவர் ஒருவர்தான், என் கணவரின் அக்கா. புருஷன் செத்த பிறகு தாய் வீட்டுக்கே திரும்பிவிட்டவர். அண்ணி என்று கூப்பிடுவேன். ஆட்டோ ஓட்டத்தில் வருவது போதாமல் போன வருஷத்தில், வெட்டுக் காலத்துக்கு மட்டும் நானும் வருகிறேன் என்று அவரோடு கரும்பு வெட்டுக்குக் கிளம்பினேன்.

எங்கள் கூட்டத்தில் காலனிப் பெண்கள்தான் ஜாஸ்தி. பருவத்துக்கு மலையிலிருந்து இறங்கி வருகிற குடும்பங்கள் சில இருந்தன. அவர்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊர்ப் பக்கத்திலிருந்து, அதாவது நிலத்துக்காரர்களின் சாதியிலிருந்து, ஒரே ஒரு பெண் வருவார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. நிலமில்லாத வீடு. மகள் காலனிக்காரர்களோடு கூலிக்குப் போவது அவருடைய அப்பாவுக்கு அவமானம், ஆனால் அந்தக் கூலி வேண்டும். எல்லோரும் அவரை ஊமைச்சி என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அக்கா என்பேன், கேட்காது என்று தெரிந்தே. அண்ணியும் அந்த அக்காவும் பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துச் சாலில், கரும்பு வரிசையில், வெட்டி வந்தவர்கள். கை ஜாடையிலேயே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நிலத்துக்காரரின் மகன் பைக்கில் வருவான். கல்யாணமானவன், குழந்தை இருக்கிறது. முதலில் மலைத்தேன் கிடைக்குமா என்று கேட்டான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு போன் நம்பர் கேட்டான். நான் சாலின் அந்தக் கோடிக்கு மாறினால் அவன் பைக்கும் அந்தப் பக்கம் வந்து நிற்கும். வேலை முடிந்து நாங்கள் நடந்து போகும்போது பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவான், முந்தவும் மாட்டான், நிற்கவும் மாட்டான். அந்தச் சத்தம் முதுகில் ஊர்வதுபோல இருக்கும். கணவரிடம் சொல்லவில்லை. கேட்கப் போனவன் முழுசாகத் திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் கம்மி.

அன்றைக்கு உச்சிப் பொழுது. வெட்டாத பகுதிக்குள் கொஞ்ச தூரம் போயிருப்பேன். சோகை, கரும்பின் காய்ந்த தோகை, நசுங்கும் சத்தம் கேட்டது. கரும்புக்குள் எலி ஓடும், பன்றி கூட வரும். ஆனால் அது செருப்புக் கால் சத்தம். நின்றேன். சத்தமும் நின்றது. அடி எடுத்து வைத்தேன். அதுவும் வைத்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பச்சைச் சுவர். ஓடலாம் என்று திரும்பியபோது அவன் என் முன்னால் இருந்தான்.

அதை விவரமாக எழுத எனக்கு விருப்பமில்லை. பிடித்தான், தள்ளினான், ரவிக்கையின் தோள்பக்கம் கிழிந்தது. நான் கத்தினேன். கரும்பு சத்தத்தை விழுங்கிவிடும், அதோடு அந்நேரம் டிராக்டரும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் என் வாயைப் பொத்திக்கொண்டு, அவசரமே இல்லாத குரலில் பேசினான். அந்தக் குரல்தான் இன்றைக்கும் என்னை எழுப்பி உட்கார வைக்கிறது.

"யாருகிட்ட போய் சொல்லுவ? மலையில ஒன்ன தல முழுவிட்டாங்க. காலனியில நீ வந்தவ, மருந்து வெக்கிறவ. ஊருக்குள்ள கால வெப்பியா நீ? போ, போய் சொல்லு."

அப்போது அவனுக்குப் பின்னால் கரும்பு விலகியது. அந்தக் காது கேளாத அக்கா நின்றார். நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. காற்றே இல்லாத நேரத்தில் கரும்பின் தலைகள் மட்டும் ஓரிடத்தில் ஆடியதைப் பார்த்து வந்திருக்கிறார். கையில் வெட்டுக்கத்தி இருந்தது. ஓங்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அவன் எழுந்தான். அவரைப் பார்த்துச் சிரித்தான். பேச முடியாதவள் பார்த்தால் என்ன என்கிற சிரிப்பு. வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து போனான். ஓடவில்லை.

அக்கா தன் மேல் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். வெட்டுக்குப் போகும் பெண்கள் கரும்பிலையின் அரிக்கிற சுனைக்குப் பயந்து சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வோம். நான் திரும்பி வந்து பொழுது சாயும்வரை கட்டு கட்டினேன். பாதியில் கிளம்பினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்ற பயம். கட்டு அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார்.

"மொகத்துல இன்னா கீறலு?"

சோகை கிழித்துவிட்டது என்றேன்.

"சோகை கிழிச்சா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அவ சட்டை ஒன் மேல இருக்குது. சொல்லு."

சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவுமில்லை. நான் கீழே சாய்ந்துவிடாதபடி என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டே நின்றார். கணவரிடம் அவர்தான் சொன்னார், ஆட்டோ சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு. கணவர் சாவியைக் கேட்டுக் கத்தினார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருடைய முதுகு குலுங்கியதைப் பார்த்தபோது, அவன்மேல் இருந்த பயத்தோடு இவருக்கு என்ன ஆகுமோ என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

முதலில் காலனி இளைஞர்கள் வைத்திருக்கும் இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போனோம். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறை. அவர்கள் நல்லவர்கள், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சுடுகாட்டுப் பாதைக்காக அடி வாங்கியவர்கள். தலைவர் என்னைத் தங்கச்சி என்று அழைத்து நாற்காலி போட்டார். என்ன நடந்தது என்று என் கணவரிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தபோது, நீ மனசு கஷ்டப்பட வேண்டாம், வெளியே உட்கார், ஆம்பளைங்க பேசிக்கொள்கிறோம் என்றார். கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து, எனக்கு நடந்ததை என் கணவர் தப்புத் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர்கள் சொன்னது இதுதான். பாதை வழக்கு இப்போதுதான் கோர்ட்டில் ஏறியிருக்கிறது. அதே நிலத்துக்காரர்கள்தான் எதிர்த்தரப்பு. இந்த நேரத்தில் இதைச் சேர்த்தால் பொம்பளை விவகாரம் என்று கிளப்பி விட்டு, பாதை வழக்கையும் கெடுத்துவிடுவார்கள். அதிலும் பெண் மலைக்காரி, நம்ம பெண்கூட இல்லை, இட்டுக்கட்டிக் கூட்டி வந்ததாகச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுப்பது என்றால் அதே வழியில் நாளைக்கும் நடப்பது. அது அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவர்கள் யாரும் கரும்புக்குள் ஒதுங்கப் போகிறவர்கள் இல்லை.

அடுத்து மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக்கு அண்ணி கூட்டிப் போனார். தலைவி என்னை உள்ளே உட்கார வைத்து, முழுவதும் என் வாயாலேயே கேட்டார். ஒரு பெண் கேட்கிறாள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது, நடுவில் அழுதேன். காபி வந்தது. அவர்களுக்கு டம்ளரில், எங்கள் இருவருக்கும் காகிதக் கப்பில். அண்ணி அதைப் பார்த்தார். யார் அவன் என்று தலைவி கேட்டபோது சொன்னேன். அவர் முகம் மாறியது. அவருடைய சொந்தக்காரன்.

"சாதிய இதுல இழுக்காதம்மா. பொம்பளைங்க எல்லாம் ஒண்ணுதான். நான் அவங்க வூட்டுல பேசி கண்டிச்சி வெக்கிறேன், நீ போலீசு கீலீசுன்னு போவாத."

சாதியை நான் இழுக்கவே இல்லை. அவன் பேரைத்தான் சொன்னேன்.

அவர் பேசித்தான் இருக்கிறார். ஏனென்றால் மறுநாள் காலையில் நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, காலனி முனையில் அந்த பைக் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. போனை எடுத்து, நிதானமாக என்னைப் படம் பிடித்தான். குடத்தை, வீட்டு வாசலை, வாசலில் நின்ற ஆட்டோவை, அதன் நம்பரை. அப்புறம் போய்விட்டான். குடம் வழிந்து என் கால் முழுக்க நனைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து பைக் சத்தம் எது கேட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டேன். கணவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். வீட்டில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன்.

கடைசியாக மலைக்குப் போனேன். அண்ணிக்குக் காய்ச்சல், அதனால் தனியாக. என் சனத்துக்கு ஒரு சங்கம் இருக்கிறது. காட்டு நிலத்துக்காகவும் சாதிச் சான்றிதழுக்காகவும் பல வருஷமாகப் போராடுகிறவர்கள். சின்ன வயதில் நானும் அவர்களுடைய ஊர்வலத்தில் கொடி பிடித்து நடந்தவள். வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது கடை வாசலில் என் அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குள் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யாராவது பார்த்து அவரையும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

சங்கத்தின் பெரியவர் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டார். அவருடைய கண் கலங்கியது நிஜம். மலைப் பெண்களை இவர்கள் எப்போதும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பல்லைக் கடித்தார். நம்பிக்கை வந்தது எனக்கு. பிறகு சொன்னார்.

"எங்க பொண்ணா வா. வண்டி வெச்சிக்கினு எறங்கி வரோம், ஸ்டேஷன் வாசல்ல ஒக்காருறோம். அவன் பொண்டாட்டியா வந்தின்னா எங்களால ஆவாது."

அதற்கு அர்த்தம், தாலியைக் கழற்றிவிட்டு வா என்பது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது, மேலே நாங்கள் கடந்து வந்த ரோடு ஜன்னலில் தெரியும். அங்கே ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவிலும் இருந்தது. பஸ் நின்ற இடத்தில் அதுவும் நின்றது. தலையில் ஹெல்மெட், முகம் தெரியவில்லை. கண்டக்டரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முந்தானையை, அவருக்குத் தெரியாமல், விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கச்சிராயபாளையத்தில் பைக்கில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மலையில் துணி விற்றுவிட்டு வருகிற வயதான ஆள். வளைவுகளில் பஸ்ஸை முந்தப் பயந்து பின்னாலேயே வந்திருக்கிறார். அவர் டீ குடிக்கப் போனார். முந்தானை இன்னும் என் விரலில்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என்னை முழுசாகத் தெரிந்து வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். மலைக்காரி, பெண், காலனி மருமகள், கூலிக்காரி என்று என்னிடம் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கை வைத்திருக்கிறான். உதவி செய்ய வந்தவர்களோ ஆளுக்கொரு துண்டைக் கேட்டார்கள். ஒருவருக்குச் சாதி மட்டும் போதும், இன்னொருவருக்குப் பெண் மட்டும், மற்றவருக்கு மலை மட்டும். மிச்சத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

இத்தனை இடத்துக்கு அலைந்தும், பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறாரே என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. நான்கூட நினைக்கவில்லை. அவராகவே வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் வீட்டிலேயே அடைந்து கிடக்கக்கூடாது என்று அண்ணி மறுபடி வெட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். அந்த அக்கா எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். என்னைக் காட்டினார். கரும்பைக் காட்டினார். மீசையை முறுக்குவதுபோலச் செய்தார், அவனுக்கான ஜாடை அது. பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். தன் ரவிக்கைத் தோளைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அண்ணியின் கையிலிருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது.

"இவளையும்தான்," என்றார் அண்ணி. "போன வருசமாம். அப்பன்கிட்ட ஜாடையில சொல்லியிருக்கா. வாயிலயே அடிச்சிருக்கான்."

ஊர்ச் சாதியில் பிறந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை. அவன் என்னைக் கணக்குப் போட்ட மாதிரியே அவரையும் போட்டிருக்கிறான். பேச முடியாதவள், ஏழை, கல்யாணமாகாதவள்.

மறுநாள் அந்த அக்கா வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவர் எங்களோடு ஜாடை பேசியதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள், அப்பா உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார் என்று தெரிந்தது. நான் பயந்ததைவிட அதிகமாக அண்ணி பயந்ததை அன்றுதான் பார்த்தேன். ஊர்த் தெருவுக்குள் நாங்கள் போய் அந்தக் கதவைத் தட்ட முடியாது. அவர் உள்ளேயிருந்து கத்தவும் முடியாது. உயிரோடு இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அண்ணி வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். சாலில் இருந்த பெண்கள் எல்லோரும் கேட்கிற மாதிரிப் பேசினார். மேடையில் பேசிப் பழகியவர் இல்லை.

"இவளை மலைக்காரின்னு தனியா வுட்டோம். அவளை ஊமைச்சின்னு தனியா வுட்டோம். யார் யார் தனின்னு அவன் பாத்துக்கினுதான் இருக்கான். நாளைக்கு எவ தனியாவான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ண வெளிய வுடற வரைக்கும் நான் கத்திய தொட மாட்டேன்."

எங்கள் கூட்டத்து மேஸ்திரி ஓடி வந்தார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருக்கிறது, பாதி வெட்டின கரும்பு காய்ந்தால் எடை இறங்கிவிடும், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு போயாக வேண்டும் என்று கெஞ்சினார். அப்போது மலைக் குடும்பங்களில் வயதில் மூத்த ஒரு பெண், என் அண்ணன் தலை முழுகிய நாளிலிருந்து என்னோடு ஒரு சொல் பேசாதவர், கத்தியைக் கரும்புக் கட்டின் மேல் வைத்துவிட்டு வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். அதன் பிறகு காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தடி வைத்திருந்தார்கள். எங்களைச் சுற்றி நின்று, அடிக்காமல், தடியால் சோகையைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தட்டும் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. என் பக்கத்தில் இருந்த பெண்ணின் பல் கிட்டியது. மலைப் பெண்ணின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். எழுந்து ஓடத்தான் உடம்பு சொன்னது. ஓடினால் கரும்புக்குள்தான் ஓட வேண்டும், அதனால் உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை. அவன் அப்பாதான் வந்தார். கரும்பைப் பார்த்தார், நிற்கிற ட்ரெய்லரைப் பார்த்தார், தடிக்காரர்களைப் போகச் சொன்னார். எங்கள்மேல் இரக்கப்பட்டு இல்லை. மறுநாள் காலையில் அந்த அக்காவை யாரோ தோட்டத்து முனைவரை கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனார்கள். கன்னம் வீங்கியிருந்தது. நேராக அண்ணியிடம் வந்து, கையால் கேட்டார். எங்கே போக வேண்டும், இப்போதே போகலாமா?

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் ஒரு பெண் வக்கீலை என் கணவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆட்டோவில் தினமும் ஏறுகிறவராம். நாங்கள் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கே வந்ததால் உங்களில் யாருக்கு என்ன ஆபத்து என்பது. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு என்ன, என் கணவருக்கு என்ன, அந்த அக்காவுக்கு என்ன என்று தனித்தனியாகக் கேட்டார். பெண்ணுக்கு எதிரான குற்றம், மலைச் சனத்தவள் மேல் நடந்த வன்கொடுமை, எதையும் விடாமல் ஒரே புகாரில் எழுதலாம், எழுத வேண்டும் என்றார். காவல் நிலையத்தில் நீ மலையா காலனியா, ஏதாவது ஒன்றைச் சொல் என்று ஒருவர் எரிந்து விழுந்தபோது, பிறந்தது மலை, வாழ்வது காலனி, இரண்டும் எழுதுங்கள் என்று நானே சொன்னேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் வந்தது. சைகை மொழி தெரிந்த ஒரு டீச்சரை வரவழைத்து அக்காவின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார்கள். அக்காவின் ஜாடை பாதி எங்கள் கரும்புத் தோட்டத்து ஜாடை, டீச்சருக்குப் புரியாத இடத்தில் அண்ணி சொன்னார். தன் சொந்தப் புகாரை எழுத வேண்டாம் என்று அக்கா தலையசைத்துவிட்டார். அந்த வீட்டுக்குத்தான் அவர் திரும்பிப் போக வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இயக்கத் தலைவர் சேதி கேட்டு நிலையத்துக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் வெளியே வரும்வரை காத்திருந்தார். வழக்கு இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்வோம் என்று மட்டும் சொன்னார். மகளிர் கூட்டமைப்பின் தலைவி வரவில்லை, அதன் உறுப்பினர்கள் சிலர் வந்தார்கள். மலைச் சங்கம் கடைசிவரை இறங்கி வரவில்லை.

அவனைப் பிடித்தார்கள். கொஞ்ச நாள் உள்ளே இருந்தான், ஜாமீனில் வந்தான். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தோட்டத்து வேலை எங்கள் கூட்டத்தின் கையைவிட்டுப் போய்விட்டது, வெளியூர் ஆட்களை வைத்து வெட்டுகிறார்கள். கணவரை ஆட்டோ ஸ்டாண்டில் வரிசையில் சேர்க்க மறுத்தார்கள், இப்போது வேறு ரூட்டில் ஓட்டுகிறார். நான் பழைய துணிக்கடைக்கே திரும்பிவிட்டேன். வாய்தாவுக்குப் போகும்போது கோர்ட் வாசலில் அவனைப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை இப்போது. ஆனால் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பகலில் கூடக் கடைப் படியில் தனியாக நிற்க மாட்டேன்.

அன்று உட்கார்ந்த பெண்களில் சிலர் இன்னும் சந்திக்கிறோம். பெயர் வைக்கவில்லை, பலகை இல்லை. யாரால் வர முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதைத்தான் முதலில் பேசுகிறோம். சில சமயம் சண்டை வரும். காலனிப் பெண்கள் மலைப் பெண்களைச் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒருமுறை பாதியிலேயே கலைந்திருக்கிறோம். அந்த அக்கா வருகிற நாட்களில் எல்லோரும் மெதுவாக, முகம் பார்த்துப் பேச வேண்டும். அது பலருக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் கடையில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். குடோனில் ஒருவன். அவள் முஸ்லிம் வீட்டுப் பெண், அப்பா இல்லை. வெளியே சொன்னால் வீட்டில் வேலைக்கே அனுப்ப மாட்டார்கள், சொல்லாவிட்டால் அவன் விட மாட்டான். அவள் பேசப் பேச கரும்பின் வாடை மூக்கில் வந்தது. அவளிடம் தைரியமாக இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த வழியாகப் போகிறாய், அவனுக்கு உன்னைப்பற்றி என்னென்ன தெரியும் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். சாயங்காலம் கடை விட்டதும், என் பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு அவள் தெருவரை நடந்தேன். வழி நெடுக இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனோம்.